கற்பனை உலகின் மொழியும் அதை ஆக்குபவரின் தாய்மொழியும்

தமிழில் மிகுபுனைவு (ஃபேண்டசி) எழுத முன்வருவோர் கூடிவருகிறார்கள். அவர்களில் சிலர் தம் கதையுலகுக்கென்று தனி மொழியையே உருவாக்கப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் என் பார்வைக்கு வரும் முயற்சிகளில் பல ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. வல்லின மெய்களை அடுக்கி, இடையில் ஒரு ‘க்ஷ’வையோ ‘ஸ்ர’வையோ செருகி, பெயர்களை எல்லாம் ‘ஆர்’, ‘ஓத்’ என்று முடித்துவிட்டால் வேற்றுலக மொழி தயார் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த ஓசைகள் ஆங்கில நாவல்களிலும் திரைப்படங்களிலும் கேட்டுப் பழகியவை. ஆங்கிலக் காதுக்கு எது அந்நியமோ அதையே நாமும் அந்நியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு புனைமொழி எவ்வளவு விலகி நிற்கிறது என்பது, அதை ஆக்குபவரும் கேட்பவரும் பேசும் மொழியிலிருந்து அளக்கப்படும் தொலைவு. தமிழில் இந்த வேலைக்கு இறங்குபவர், தமிழ் எவற்றை இயல்பு என்று கொள்கிறது என்பதை முதலில் கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கிளிங்கான் மொழியையே எடுத்துக்கொள்வோம். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளிக் கதை வரிசையில் வரும் வேற்றுலகப் போர்வீரர்களின் மொழி அது. அவ்வரிசையின் 1984ஆம் ஆண்டுப் படத்துக்காக அதை முழு மொழியாக வளர்த்து, மறு ஆண்டே அகராதியும் வெளியிட்டவர் மார்க் ஓக்ராண்ட். கலிபோர்னியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான முட்சுனின் இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால், மனித மொழிகளில் எது பரவலானது, எது அரியது என்பது அவருக்குத் தெரியும். செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று வாக்கியத்தைத் தலைகீழாக அடுக்கினார். அந்த வரிசை பிரேசிலின் ஹிஷ்கரியானா போன்ற மிகச் சில மொழிகளில் மட்டுமே இயல்பானது என்பதால், நமக்கும் அது வினோதமாகவே இருக்கிறது. ஆனால் கிளிங்கானின் முரட்டு ஓசைக்குப் பங்களிப்பவற்றுள் ஒன்று, நாவின் நுனியைப் பின்னுக்கு வளைத்து அண்ணத்தைத் தொட்டு எழுப்பும் டகர ஒலி. ‘டகார ணகாரம் நுனிநா அண்ணம்’ என்று தொல்காப்பியம் சொல்லிவைத்த அதே இடம்தான். அமெரிக்க நடிகர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு பேசிய அந்த ஒலியை, நம் வீட்டுக் குழந்தை ‘வண்டி’ என்னும்போதே எழுப்பிவிடுகிறது. வினையோடு விகுதிகளைக் கோத்துக்கொண்டே போகும் கிளிங்கான் முறையும், ஒரு வினைக்குள் காலம், இடம், எண், பால் அனைத்தையும் சுமப்பவர்களுக்குப் புதுமையன்று. ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வருவதுபோல இடையில் தனி வினை இல்லாமலே கிளிங்கானிலும் பெயரோடு பெயர் சேர்ந்து வாக்கியம் அமையும். ஆங்கிலத்திலிருந்து பார்த்தால் அது பெரிய துணிச்சல். இங்கிருந்து பார்த்தால் அன்றாடம்.

‘அவதார்’ படத்தின் வேற்றுலகவாசிகளுக்காகப் பால் ஃப்ரோமர் உருவாக்கிய நாவி மொழியும் இப்படித்தான். கேட்பவரை உள்ளடக்கிய தன்மைப் பன்மையும் அவரை விலக்கிய தன்மைப் பன்மையும் அதில் வேறு வேறு. ‘நாம்’, ‘நாங்கள்’ என்று பிரித்துப் பேசி வளர்ந்தவருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. கைக்கு நான்கு விரல் உடைய அந்த நாவி மக்கள் எட்டின் அடிப்படையில் எண்ணுவார்கள் என்ற முடிவை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அது பேசுவோரின் உடலிலிருந்து பிறந்தது. எந்தத் தாய்மொழிக்காரர் கேட்டாலும் அதன் நியாயம் விளங்கும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காக டேவிட் பீட்டர்சன் விரித்தெழுதிய டோத்ராக்கியில் நன்றி சொல்லத் தனிச் சொல் கிடையாது. முரட்டுக் குதிரைவீரர்களின் குணத்துக்கு அதை அடையாளமாகக் காட்டுவார்கள். சோறு போட்ட அம்மாவிடம் வாய் திறந்து நன்றி சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த அடையாளம் யார் பார்வையில் எழுதப்பட்டது என்பது புரியும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2015இல் வந்த ‘பாகுபலி’யில் பகைக் கூட்டமான காலகேயர்கள் பேசும் கிளிக்கி மொழியை மதன் கார்க்கி உருவாக்கினார். சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக அப்போது சொல்லப்பட்டது. ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ; ஒலியைத் திருப்பினால் பொருளும் திரும்பிவிடும் என்பது குழந்தைகளும் விளையாடக்கூடிய அழகான யோசனை. வெகுசனத் திரைப்படம் ஒன்று இப்படியொரு வேலைக்கு இடமும் செலவும் ஒதுக்கியது இந்திய அளவில் அபூர்வம் என்பதால், நான் சொல்லவரும் குறையை அந்த மதிப்போடு சேர்த்தே படிக்க வேண்டும்.

கிளிக்கியில் நாவைச் சுண்டி எழுப்பும் ஒலிகள் உண்டு. தமிழிலும் அவை இருக்கின்றன, ஆனால் சொற்களுக்குள் இல்லை. இரக்கத்தில் உச்சுக்கொட்டும்போதும், மாட்டை ஓட்டும்போதும் மட்டும் அவற்றைப் பயன்படுத்துகிறோம். தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மொழிகளிலோ அவை முழுமையான மெய்யெழுத்துகள். நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி கோசா. அந்த ஒலிகளோடு அங்கே நாடாளுமன்ற உரையும் நடக்கிறது, தாலாட்டும் நடக்கிறது. அப்படியிருக்க, கறுத்த உடலும் கொடூரக் கண்களுமாகக் காட்டப்படும் ஒரு கூட்டத்தின் வாயில் மட்டும் அவ்வொலிகளை வைத்து, அரண்மனைவாசிகள் எல்லோரையும் செந்தமிழ் பேசவிட்டால், மொழியாக்கம் அங்கே ஓர் இனத்தின் மீதான தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. இதற்கு மொழியை ஆக்கியவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. அச்சுறுத்தும் மொழி ஒன்று வேண்டும் என்று கதை கேட்டது, அவர் கொடுத்தார். ஆனாலும் ‘யாருக்கு மட்டும் புனைமொழி தரப்படுகிறது’ என்ற கேள்வியை நம் எழுத்தாளர்கள் எழுதத் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பகைவருக்கு ஒரு மொழி செய்தால், நாயகனின் நாட்டுக்கும் ஒன்று செய்யுங்கள். அல்லது அந்தப் பகைவர்கள் அதே மொழியில் தம் பிள்ளைகளைக் கொஞ்சும் ஒரு பக்கத்தையாவது எழுதுங்கள்.

ஒலிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அவற்றைவிட அடிப்படையானது வரலாறு. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் கதைகளுக்காக மொழி செய்தவர் அல்லர், மொழிகளுக்கு ஓர் உலகம் தேவைப்பட்டதால் கதை எழுதியவர். இதை அவரே எழுதியிருக்கிறார். பின்னிய மொழியின் சாயலில் குவென்யா, வெல்சு மொழியின் சாயலில் சிந்தாரின் என்று இரண்டை வளர்த்து, இரண்டுக்கும் ஒரு மூதாதை மொழியை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒலி எப்படித் திரிந்தது என்று விதி எழுதினார். மரத்தைக் குறிக்கும் ‘கலதா’ என்ற மூலச்சொல் குவென்யாவில் முதல் மெய்யை இழந்து ‘அல்தா’ ஆகிறது, சிந்தாரினில் இறுதி உயிரை இழந்து ‘கலத்’ ஆகிறது. படிப்பவருக்கு இந்த விதிகள் தெரியாது. ஆனாலும் இருவேறு இனத்தாரின் பெயர்களைப் பார்த்ததுமே இவை உறவுள்ளவை என்று மனத்துக்குப் படுகிறது.

இந்த நுட்பத்தைக் கற்க நமக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. தமிழின் பால், பல், பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என்று வருகின்றன. நம் ‘செவி’ அங்கே ‘கிவி’. இங்கே மூலத்திலிருந்து விலகியது தமிழ்தான்; இ, எ போன்ற முன்னுயிருக்கு முன் நின்ற ககரத்தை நாம் சகரமாக்கினோம், கன்னடம் பழையதை வைத்துக்கொண்டது. இத்தகைய விதிகள் நான்கைந்தைத் தெரிந்துகொண்டு, நீங்கள் செய்த முப்பது சொற்களை அவற்றின் வழியே செலுத்தினால், அண்டை நாட்டின் மொழி தானாகவே கிடைத்துவிடும். தனித்தனியாக நூறு சொற்களைக் கற்பனை செய்வதைவிட இது எளிது, நம்பகமும் கூட.

ஒரு மொழியில் எந்த ஒலி எங்கே வரலாம் என்பதற்கும் நம்மிடம் பாடநூல் உண்டு. சொல்லின் முதலில் வரும் எழுத்து, இறுதியில் வரும் எழுத்து, எந்த மெய்யோடு எது மயங்கும், அதாவது அடுத்து வரும் என்பவற்றைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே வரையறுத்துவிட்டது. வல்லின மெய்யில் சொல் முடியாது என்ற விதி இன்றும் நம் நாவில் உயிரோடு இருப்பதால்தான், பேச்சில் பஸ்ஸுக்கும் பேங்குக்கும் உகரம் ஒட்டிக்கொள்கிறது. எனவே க், ட், ப் என்று முடியும் பெயர்களை உங்கள் உலகில் வைத்தால், வேறு அலங்காரம் எதுவும் இல்லாமலேயே தமிழ் வாசகருக்கு அவை வெளியூர்ப் பெயர்களாகத் தோன்றும். ட, ல, ர முதலாகச் சொற்கள் தொடங்கினாலும் அப்படியே. ‘க்ஷ’ தேவையில்லை.

ஆங்கிலத்தில் எழுதப்படும் கற்பனை உலகங்களில் என்னை மிகவும் உறுத்துவது, ஒரு கோளுக்கு ஒரு மொழி, அதுவும் எல்லா வாயிலும் ஒரே மாதிரி என்ற அமைப்பு. எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ் என்று வாழும் நாம், கோவைக்கும் நெல்லைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு என்று அறிந்த நாம், அதை அப்படியே கடன் வாங்கலாமா? அரசாணையில் எழுதும் வடிவமும் சந்தையில் பேசும் வடிவமும் வேறாக உள்ள புனைமொழி ஒன்றை யாராவது தமிழில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருவன் எந்த வடிவத்தில் வாய் திறக்கிறான் என்பதிலேயே அவன் படிப்பும் பிறப்பும் தெரிந்துவிடும் சமூகத்தை உள்ளிருந்து எழுதும் வசதி நமக்கு இருக்கிறது.

எழுத்து முறையில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. தமிழில் எழுதப்பட்ட புனைமொழிச் சொல்லை வாசகர் தமிழ் முறைப்படிதான் ஒலிப்பார்: ‘தாகப்’ என்று எழுதினால் முதல் எழுத்தை வலித்தும் நடு எழுத்தை மெலித்தும் படிப்பார், நீங்கள் நினைத்தது வேறாக இருந்தாலும். அடிக்குறிப்பு போட்டு ஒவ்வொரு பெயருக்கும் ஒலிப்பு விளக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்துக்குமேல் யாரும் அதைப் பின்பற்றுவதில்லை. வாசகர் இயல்பாக எப்படி ஒலிப்பாரோ அதையே உங்கள் மொழியின் விதியாக ஏற்றுக்கொள்வது நல்லது. நடுவில் வல்லோசைதான் வேண்டுமென்றால் எழுத்தை இரட்டித்துவிடுங்கள். ‘தாக்கப்’ என்பதை எவரும் தவறாகப் படிக்க மாட்டார்கள்.