வந்துட்டேன் என்றால் வர வேண்டாமா?

நாகர்கோவிலில் பிளம்பருக்கு போன் போட்டால் முதல் பதில், "இந்தா, வந்துட்டேன் அண்ணாச்சி." போனில் அவருக்குப் பின்னால் வெளியூர் பஸ் கண்டக்டர், "தக்கலை, மார்த்தாண்டம்" என்று கூவுகிறார்!

விரைவைக் காட்ட, இனி நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்லலாம். இலக்கணமே அதைக் காலவழுவமைதி என்று ஏற்கிறது. சரி, அதற்கு விரைவு வேண்டாமா? சாப்பிடக் கூப்பிட்டதும் "வந்துட்டேன்" என்று பிள்ளை எழுந்து வருகிறதே, அது நியாயம். இங்கே உடைந்த குழாய்க்கடியில் வைத்த வாளி நிரம்பி, அடுப்படியெல்லாம் தண்ணீர். மறுபடி கூப்பிட்டால், "பக்கத்துலதான் நிக்கேன்." எந்த ஊருக்குப் பக்கத்தில்?

நாளைக்குத்தான் முடியும் என்றால் அதையே சொல்லுங்கள். வால்வை அடைத்துவிட்டு வேலைக்காவது போவேன். ஒரு நாள் சம்பளம் போகிறது, அண்ணே.