675 ஓட்டும் ஒரு சாக்கடையும்

நவம்பர் பிறந்தால் ஊரிலிருந்து போன் பண்ணுகிற அத்தனை பேரும் கேட்பது ஒன்றுதான்: "டெல்லியில மூச்சு விட முடியுதா?" முடிகிறது. பழகியும் விட்டது. இந்த ஊரில் எனக்கு இருக்கிற வேறொரு மூச்சுமுட்டலைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

ஜங்புராவில் 14 வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். கீழ் வீட்டு அங்கிளின் குடும்பம் பிரிவினையின்போது லாகூர் பக்கமிருந்து வந்தது. முன்னாள் முதல்வர் ஷீலா தீட்சித் மேம்பாலம் கட்டிய காலத்தோடு டெல்லியின் பொற்காலம் முடிந்தது, பிறகு வந்தவர்கள் இலவசம் கொடுத்தே கஜானாவைத் துடைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். அவர் வீட்டில் இரண்டு மின்மீட்டர். குளிர்காலத்தில் இரண்டுமே 200 யூனிட்டைத் தாண்டாது, பில் பூஜ்யம். அதை எடுத்துச் சொன்னால் சிரித்துவிட்டு டீ கொடுப்பார்.

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா விழுப்புரம் பக்கம். அவருக்கு டெல்லி நல்ல ஊரானதே 2019 அக்டோபரில்தான், பெண்களுக்குப் பஸ்ஸில் ரோஸ் டிக்கெட் வந்தபோது. மாதாமாதம் கிருத்திகைக்கு ஆர்.கே.புரம் மலைமந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வருவார், கையில் காசில்லாமல். "இது வேற யாரு தம்பி குடுத்தாங்க?" என்பார். அவர் அளவுகோல் அது. அங்கிளுடையது பார்க்கிங். என்னுடையது, வெட்கத்தோடு சொல்கிறேன், ஏசி ஓடும்போது கரண்ட் போகாமல் இருப்பது.

2025 பிப்ரவரி தேர்தலில் ஜங்புராவில் ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியா 675 ஓட்டில் பாஜகவிடம் தோற்றார். டெல்லி முழுக்க ஆம் ஆத்மிக்கு 22 இடம், பாஜகவுக்கு 48. எங்கள் படிக்கட்டிலேயே மூன்று கட்சி இருந்தது. பாராபுல்லா சாக்கடை ஓரத்து மதராஸி கேம்ப்பில், அக்கா இருந்த இடத்தில், எல்லாக் கட்சியும் வந்து போனது. 'குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு' என்பது அந்தத் தேர்தலில் சந்துக்குச் சந்து கேட்ட வாக்குறுதி. 675 என்பது அப்படி ஒரு கேம்ப்பில் அடங்கிவிடுகிற ஓட்டு.

ஜூன் 1 அன்று புல்டோசர் வந்தது. ஏறக்குறைய 370 வீடுகள், அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்த தமிழர்கள். ஆக்கிரமிப்பால் தண்ணீர் ஓட வழியில்லை, மழைக்கு முன் சாக்கடையைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பது டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. அந்தக் காரணம் பொய்யில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தண்ணீர் தேங்கியபோது நானும் குடியிருப்போர் சங்கத்தின் மனுவில் கையெழுத்துப் போட்டவன்தான். 'சாக்கடையைத் தூர்வாருங்கள்' என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது. தூர்வாருவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மாற்று வீடு பெறுவோர் பட்டியலில் அக்கா பெயர் இருந்தது, நரேலாவில் ஃபிளாட். இங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய தம்பி பெயர் இல்லை, காகிதம் போதவில்லையாம். பிள்ளைகள் படித்தது லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில். தமிழ்க் கல்விக் கழகத்துக்கு டெல்லியில் ஏழு பள்ளிகள் உண்டு, நரேலாவில் ஒன்றும் இல்லை. மேளா, பிட்சா கடை, பிரதமர் வீடு என்று டெல்லியைச் சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் நரேலாவும் டெல்லிதான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

யாரிடம் போய்க் கேட்பது? முன்பெல்லாம் இதற்கு ஒரு பதில் இருந்தது. நிலமும் போலீஸும் மத்திய அரசிடம், பள்ளியும் ஆஸ்பத்திரியும் டெல்லி அரசிடம், குப்பை மாநகராட்சியிடம். 1991 அரசியல் சட்டத் திருத்தம் கொடுத்த ஏற்பாடு. ஒவ்வொருவரும் பக்கத்து ஜன்னலைக் கைகாட்டலாம். கேஜ்ரிவால் பத்து வருடம் துணைநிலை ஆளுநரைக் கைகாட்டினார், அதில் பாதி நியாயமும் இருந்தது. 2025 ஏப்ரலில் மேயர் பதவியும் பாஜகவுக்குப் போனபின் மூன்று ஜன்னலிலும் ஒரே கட்சி. சரி, இனியாவது பதில் வரும் என்று பார்த்தால், இப்போது நீதிமன்றத்தைக் கைகாட்டுகிறார்கள்.

"டெல்லியில் வாழ்க்கைத் தரம் உயர்ந்திருக்கிறதா" என்று படிக்கட்டில் நடக்கும் சண்டையில் நான் இப்போது வாய் திறப்பதில்லை. அங்கிள் உயர்ந்துவிட்டது என்கிறார். சாக்கடை ஓரம் திறந்து கிடக்கிறது, கொசு குறைந்ததாகவும் சொல்கிறார். எனக்கும் குறைந்த மாதிரிதான் தெரிகிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் நாக்கு வரவில்லை. இலவசம் வேண்டுமா வேண்டாமா என்று நாம் அடித்துக்கொள்கிற அடியில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது: நடந்து வந்து ஏழு மணிக்கு வேலைக்கு நிற்கிற தூரத்தில் ஒருவரைக் குடியிருக்க விட்டதுதான் இந்த நகரம் அவருக்குக் கொடுத்த பெரிய மானியம். மின்சார பில்லைப் போல அதற்கு ரசீது கிடையாது. அதனால் அதைப் பறித்தபோது எந்த பட்ஜெட்டிலும் தெரியவில்லை.

அக்கா இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல், கட்டுப்படியாகாது. ஓட்டு இன்னும் ஜங்புராவில்தான் இருக்கிறதாம், மாற்றவில்லை. போன வாரம் பேசும்போது, கிருத்திகைக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

"மூணு பஸ்ஸு மாறணும் தம்பி. டிக்கெட்டு என்னவோ இன்னும் இலவசந்தான்."