மலைப்பாதைக்கு ஆறு மணித்தியாலம் போதாது

சென்ற மாதம் மலையக நகரொன்றில் நடந்த மரதன் ஓட்டத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஆறு பேர் முழுத் தூரத்துக்கும் பதிவு செய்து ஓடினோம். அவர்களில் இருவருக்கே பதக்கம் கிடைத்தது. அந்த இருவரில் நானும் ஒருத்தி. ஒருவர் இருபத்தாறாவது கிலோமீற்றரில் தசைப்பிடிப்பு வந்து நிறுத்திக்கொண்டார். எஞ்சிய மூவரும் 42.195 கிலோமீற்றரையும் தங்கள் கால்களாலேயே கடந்து வந்தார்கள், ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் முடிவுக்கோடு இருக்கவில்லை.

நகரத்தின் பெயரையும் நடத்தியவர்களின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. ஓட்டத்தை நடத்தியவர்கள் பல மாதங்கள் உழைத்ததை நான் அறிவேன். அது ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். ஆனால் அது மலைநாட்டு மரதனாக நடக்க வேண்டும். கொழும்பின் கடற்கரை வீதிக்குப் பொருந்தக்கூடிய ஒரு நேர எல்லையை அப்படியே தூக்கி வந்து மலைமேல் வைத்தால் அது யாரை வெளியே தள்ளுகிறது என்பதை அன்று காலை என் கண்ணால் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

காலை 5.30க்கு, பனிமூட்டத்துக்குள், வீதிவிளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தில் புறப்பட்டோம். ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமான ஒரு சுற்றை இரண்டு முறை ஓட வேண்டும். முதல் ஆறு கிலோமீற்றரும் இறக்கம். குளிரில் விறைத்திருந்த கால்களுக்கு அந்த இறக்கம் பெரிய ஆறுதலாக இருந்தபடியால் எல்லோரும் வேகமாகவே போனார்கள்; நானும் போனேன். இறக்கத்தில் மூச்சு வாங்காது, ஆனால் தொடைத்தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அதன் நுண்ணிழைகள் சேதமாகின்றன. அதன் விலையை அப்போது கேட்பதில்லை. இரண்டாம் சுற்றில் கேட்கிறது. பிறகு ஊசிவளைவுகளோடு தேயிலை மலைகளுக்கு நடுவே ஏற்றம். என் கைக்கடிகாரக் கணக்கில் இரண்டு சுற்றிலும் சேர்த்து 640 மீற்றர் ஏறியிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவர் பதினெட்டாவது கிலோமீற்றரில் என்னோடு சேர்ந்து நடந்தார். சமதரையில் பல மரதன்களை முடித்தவர். தன் இதயத்துடிப்பு இப்படி ஏறியதே இல்லை என்று கவலைப்பட்டார். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்களவுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைகிறது. நாங்கள் ஓடிய நகரம் அவ்வளவு உயரத்தில் இல்லை என்றாலும் கடற்கரையிலிருந்து முதல்நாள் இரவு வந்து இறங்கும் உடல் அந்த வேறுபாட்டை உணராமல் இருக்காது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி சொன்னேன். குறைத்தார், நல்லபடியாக முடித்தார்.

இனி நேர எல்லைக்கு வருகிறேன். எல்லை ஆறு மணித்தியாலம். கேட்பதற்குத் தாராளமாகவே இருக்கிறது: 42.195 கிலோமீற்றரை 360 நிமிடத்தில் முடிக்க, கிலோமீற்றருக்கு 8 நிமிடம் 32 செக்கன் போதும். சமதரையில் இது ஓடியும் நடந்தும் அடையக்கூடிய வேகம். ஆனால் எங்கள் பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் எட்டுக் கிலோமீற்றர் செங்குத்தான ஏற்றம் இருந்தது. களைத்த காலோடு அந்த ஏற்றத்தை நடந்து கடக்கும் ஒருவருக்குக் கிலோமீற்றருக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். பதினாறு கிலோமீற்றருக்கு 192 நிமிடம். மீதமிருக்கும் 168 நிமிடத்தில் மீதமிருக்கும் 26 கிலோமீற்றரையும் முடிக்க வேண்டுமானால் கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடத்துக்கும் குறைவாக ஓட வேண்டும். அது சமதரை மரதன் ஒன்றை நாலரை மணித்தியாலத்தில் முடிப்பவரின் வேகம். ஆறு மணித்தியாலம் என்று பெயர் போட்டுவிட்டு நாலரை மணித்தியால ஓட்டக்காரரை மட்டும் உள்ளே விடுகிறோம் என்பதே இந்தக் கணக்கின் பொருள். இதை ஏற்பாட்டாளர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதையை வரைந்தவரும் எல்லையைக் குறித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தக் கூட்டலைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். நாற்பத்தேழு வயது. பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் சிறுவயதில் ஓடியவர். நான் காலையில் வீதியில் பயிற்சி செய்வதைப் பார்த்து, ஒருநாள் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசலில் நிறுத்தி, தானும் வரலாமா என்று கேட்டார். எட்டு மாதம் வந்தார். பதிவுக் கட்டணம் அவருடைய நான்கு நாள் சம்பளம். 2024இல் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாயை வைத்துப் பார்த்தால் யாருக்கும் கணக்குப் புரியும். நாங்கள் ஐவரும் பகிர்ந்து கட்டுவதாகச் சொன்னபோது பாதியைத் தானே கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றார்.

அவரைப் பற்றி எல்லோரும் அறிய வேண்டிய ஒன்றை, நாலரை மணித்தியாலத்தில் முடித்த எங்கள் குழுத் தம்பி சொன்னான். இரண்டாம் சுற்றின் இறக்கத்தில், எதிர்ப்பக்க ஏற்றத்திலிருந்து அவன் பார்த்தபோது, இளைஞர்கள் பலர் தொடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நொண்டி இறங்கிக்கொண்டிருக்க, அக்கா ஒரே சீராக ஓடி அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறார். இதற்கு விளக்கம் உண்டு. இறக்கத்தின் பாரத்துக்கு ஒருமுறை பழகிய தசை அடுத்தமுறை அதே பாரத்தில் அவ்வளவு சேதமடைவதில்லை என்பது உடற்பயிற்சி அறிவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. முப்பது வருடமாகக் கொழுந்துப் பாரத்தோடு மலையிறங்கிய தொடைகளுக்கு வேறு பயிற்சியாளர் எதற்கு? அவருக்குக் குறைந்தது வேகம். அதுவும் ஏற்றத்தில் மட்டும்.

முப்பத்தோராவது கிலோமீற்றரில் அக்கா தண்ணீர் மேசையைத் தேடியபோது அது மடித்து வாகனத்தில் ஏற்றப்பட்டிருந்தது. முதற்சுற்றில் அங்கே தண்ணீர், வாழைப்பழம், ஜீவனி என்னும் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் எல்லாம் இருந்தன. எங்கள் குழுவில் ஓடிய தாதிச் சகோதரி இதைப் பற்றித்தான் மிகவும் வருந்துகிறார். வேகமாக ஓடுபவர் நான்கு மணித்தியாலத்தில் வீதியை விட்டுப் போய்விடுகிறார். மெதுவாக ஓடுபவர் ஏழு மணித்தியாலம் வியர்க்கிறார். பனிமூட்டம் விலகிய பிறகு வரும் வெயில், உயரம் கூடக்கூடச் சுள்ளென்று ஏறும் அந்த மலை வெயில், முழுவதும் பின்னால் வருபவர் தலையில்தான் விழுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் நீண்ட நேரம் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். அந்த ஆபத்து நெடுநேரம் வீதியில் இருப்பவர்களுக்கே அதிகம். ஆக, உப்புக் கரைசல் யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கு முன்னால்தான் மேசை மடிக்கப்படுகிறது.

அந்த இடத்தில் இருந்த சில்லறைக்கடைக்காரர் ஒருவர் அக்காவுக்குப் பிளேன்டியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்து, கொஞ்சம் உப்பையும் கையில் வைத்துவிட்டார். அதற்கு மேலே, வளைவில் இருந்த லயத்துப் பிள்ளைகள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் மொண்டு ஊற்றினார்கள். யாரும் அவர்களைத் தொண்டர்களாகப் பதிந்திருக்கவில்லை. அடுத்த முறை அந்த லயத்துக்கே ஒரு தண்ணீர் மேசையின் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் 5 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். பத்தொன்பது நிமிடம் பிந்தியிருந்தால் என் பெயரும் பட்டியலில் இருந்திருக்காது. பதக்கத்தை வாங்கிக்கொண்டு புல்தரையில் சிறிது நேரம் படுத்திருந்தேன், சரியாக 11.30க்கு ஒலிபெருக்கி நின்றது. நேரம் பதியும் பாயைச் சுருட்டினார்கள். முடிவுக்கோட்டின் வளைவைக் கழற்றத் தொடங்கினார்கள். இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று போய்ச் சொன்னேன். அங்கே நின்ற இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார்: வீதியைத் திறந்துவிட வேண்டும், லொறிக்காரர் காத்திருக்கிறார், விதிமுறைப் படிவத்தில் எல்லாம் இருக்கிறது.

படிவத்தில் இருந்தது உண்மை. ஆனால் அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. தமிழில் தலைப்பும் வரவேற்பும் மட்டுமே இருந்தன. ஆறு மணித்தியாலம் என்பது பரிசுக்கான எல்லை என்றே அக்கா கடைசிவரை நினைத்திருந்தார். தமிழும் அரச கரும மொழியாக உள்ள ஒரு நாட்டில், தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓர் ஓட்டத்தின் மிக முக்கியமான விதி தமிழில் இல்லாமல் போனதை நான் சிறிய தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குழுவுக்குப் படித்துச் சொல்லியிருக்க வேண்டிய நானும் அதைச் செய்யவில்லை.

எதிர்வாதங்களையும் கேட்டேன். வீதியைப் பற்றிய வாதம் நியாயமானது. சமவெளி நகரங்களில் ஒரு தெருவை மூடினால் அடுத்த தெரு இருக்கிறது. எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் ஒரே வீதிதான். அதை நண்பகல் தாண்டியும் மூடிவைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நேரத்தை நீட்டுவதற்கு வீதியை மூடியே வைத்திருக்க வேண்டியதில்லை. மெதுவாக ஓடுபவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து 4.15க்குப் புறப்படலாம், அந்நேரத்தில் எங்கள் வீதிகளில் மரக்கறி லொறிகளைத் தவிர வேறு வாகனம் அதிகமில்லை. வீதியைத் திறந்த பிறகு ஓரமாக வருபவர்களுக்கு ஒளிரும் மேலங்கி கொடுக்கலாம். நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றியோ கண்டியில் வாவியைச் சுற்றியோ கடைசிப் பகுதியை அமைக்கலாம் என்பதுபோல, ஒவ்வொரு நகரத்திலும் போக்குவரத்துக்குக் குறுக்கே வராத ஓர் இடத்தில் இறுதி கிலோமீற்றர்களை அமைக்கலாம். இத்தனையும் முடியாவிட்டாலும் ஒரு மேசை, ஒரு வாளி ஜீவனி, கடிகாரத்தோடு ஒரு மனிதர், இவ்வளவு போதும்.

இன்னொரு வாதம் எனக்கு ஏற்புடையதே இல்லை. எல்லையைத் தளர்த்தினால் மரதனின் மதிப்புக் குறைந்துவிடும் என்கிறார்கள். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் ரணதுங்க கருணாநந்த 10,000 மீற்றர் ஓட்டத்தில் மற்றவர்கள் எல்லோரும் முடித்த பிறகும் தன் எஞ்சிய சுற்றுகளைத் தனியாக ஓடி முடித்தார். அந்த மைதானத்தில் யாரும் அவருக்கு முன்னால் கோட்டை அழிக்கவில்லை. ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஜப்பானியர் அந்த ஓட்டத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தார்கள். அதே டோக்கியோ நகரம் இன்று தன் மரதனுக்கு ஏழு மணித்தியாலம் கொடுக்கிறது, அதுவும் பெரும்பாலும் சமதரையான பாதைக்கு. ஹொனலுலு மரதனில் நேர எல்லையே இல்லை. இவற்றின் மதிப்பு எங்கே குறைந்தது?

வேகமாக ஓடுபவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மலையகத்திலிருந்து எழுந்துவந்த குமார் சண்முகேஸ்வரன் நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் நிற்பதைப் பார்த்துப் பெருமைப்படுபவர்களில் நானும் ஒருத்தி. அத்தகைய இளைஞர்கள் வீதியோரத்தில் நின்று ஓட்டத்தைப் பார்த்துத்தான் உருவாக வேண்டும். தங்கள் லயத்து அக்கா ஓடுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது தனக்கும் உரிய வீதி என்று தெரியும்.

அன்று 11.50க்கு ஆட்டோ ஓட்டும் எங்கள் அண்ணன் வந்தார். 12.05க்குத் தாதிச் சகோதரி. அதற்குப் பிறகு நான் வீதியில் ஒரு கிலோமீற்றர் திரும்பி நடந்து போய் அக்காவைச் சந்தித்தேன். பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அவர் வடிகான் ஓரமாக வந்துகொண்டிருந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியபோது அவரே சொன்னார்: “மேசைய மடிச்சப்பவே வெளங்கிருச்சி டீச்சர். பாததான் அங்கனயே இருக்கே, வந்துருவோம்.”

அண்ணனும் தாதிச் சகோதரியும் சுண்ணாம்புக் கட்டியால் வீதியில் ஒரு கோடு கிழித்து, இரு பக்கமும் நின்றார்கள். 12.22க்கு அக்கா அதைத் தாண்டினார். 6 மணி 52 நிமிடம். மறுநாள் எனக்குப் பாடசாலைப் படியில் இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. அவர் வழக்கம்போலக் காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு)ப் போய்க் கொழுந்தெடுத்திருக்கிறார்.

ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு எட்டு மணித்தியாலம், கடைசி ஆள் கடக்கும்வரை தண்ணீரும் உப்பும், மூன்று மொழியிலும் விதிமுறை, இந்த ஆண்டின் முடிவுப் பட்டியலில் மூன்று பெயர்கள். சான்றாக என் கைபேசியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். சுண்ணாம்புக் கோட்டின் மேல் அக்காவின் வலது கால் இருக்கிறது, நெஞ்சில் இலக்கம் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் வளைவின் இரும்புச் சட்டங்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.