ஒரு பட்டாலியனை மாற்றுவது அவ்வளவு லேசா?

அமைதிப்படை என்றதும் நம்மில் பலருக்கு 1987 இலங்கைதான் ஞாபகம் வரும். நான் சொல்லவருவது ஐநாவின் நீலத் தொப்பிக்காரர்களைப் பற்றி.

2020 ஏப்ரலில், கொரோனா பரவியபோது, ஐநா பொதுச்செயலாளர் குட்டெரெஸ், படைகளை மாற்றி அனுப்பும் வேலையை ஜூன் 30 வரை நிறுத்திவைத்தார். ஊர் திரும்ப நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. காரணம் ஹைட்டி.

2010 அக்டோபரில் அங்கே காலரா வெடித்தது. மிரெபாலே என்ற ஊர்ப் பக்கம் ஐநா அமைதிப்படையின் நேபாளப் படையினர் இருந்த முகாமின் கழிவு, ஓடை வழியாக ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கலந்தது. ஜனங்கள் குடித்ததும் குளித்ததும் அந்த ஆற்றில்தான். சுமார் 10,000 பேர் செத்தார்கள். ஐநா ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆயிற்று. காப்பாற்றப் போனவனே நோயைக் கொண்டுவந்தான் என்ற பேர் ஒருமுறை விழுந்தால் போகாது.

காலராவுக்காவது கழிவுக் குழாயையும் குழியையும் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. மூச்சில் பரவும் நோய்க்கு இடம் வேண்டும். முகாமில் இல்லாததே அதுதான். ஒரு பட்டாலியன் ஏறக்குறைய 850 பேர். கொரோனா காலத்தில் கிளம்பும் முன் 14 நாள், போய் இறங்கிய பின் 14 நாள் தனிமை. புதியவர்கள் வரும்போது பழையவர்கள் இன்னும் காலி செய்திருக்க மாட்டார்கள். அதே கண்டெய்னர் அறை, அதே மெஸ், அதே கழிப்பறை. நான்கு பேர் படுக்கும் அறையில் பத்தாம் நாள் ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தால் மற்ற மூவருக்கும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. அதனால்தான் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து அனுப்பவேண்டியிருந்தது.

ரோந்து தனித் தலைவலியாக இருந்தது. கவச வண்டிக்குள் எட்டுப் பேர் முட்டியோடு முட்டி இடித்து உட்காரும்போது ஆறடி இடைவெளிக்கு எங்கே போவது?

ஐநாவின் இரண்டாம் நிலை மருத்துவமனையில், அதாவது அறுவை சிகிச்சை வசதியுள்ள கள மருத்துவமனையில், 20 படுக்கை. குண்டுக் காயத்துக்கும் மலேரியாவுக்கும் போட்ட கணக்கு அது. 2020-இல் காங்கோவின் கோமா நகரிலும் தெற்கு சூடானின் ஜூபா நகரிலும் இருந்த ஐநா மருத்துவமனைகளுக்கு இந்தியா கூடுதல் மருத்துவக் குழுக்களை அனுப்பியது அதனால்தான்.

2021 மார்ச்சில் இந்தியா அமைதிப்படையினருக்கு 2 லட்சம் டோஸ் கொரோனா தடுப்பூசியும் கொடுத்தது. ஆளுக்கு இரண்டு என்றால் ஒரு லட்சம் பேருக்கு, எண்ணிக்கையில் தாராளம். ஆனால் ஒரு குப்பியில் 10 டோஸ், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும், திறந்தால் ஆறு மணி நேரத்தில் போட்டு முடிக்கணும். காட்டுக்குள் இருக்கும் சிறு காவல் முகாமில் 13 பேர் இருந்தால் இரண்டாவது குப்பியைத் திறப்பதா வேண்டாமா? அடுத்த டோஸுக்குப் பல வாரம் இடைவெளி வேறு. அந்தத் தேதி வருவதற்குள் பணிக்காலம் முடிந்து, ஆள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.