பாஸ்வேர்ட் மட்டும் டேட்டாபேஸைக் காப்பாற்றாது

பிரவுசரில் திறந்து வேலை பார்க்கிற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவித் தருகிறவர்கள் பலரும், "பாஸ்வேர்ட் பலமா வெச்சிருக்கோம், பயமில்லை" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. பஃபர் ஓவர்ஃப்ளோ பிழைகளில், அதாவது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடும் பிழைகளில், மிக மோசமானவை, பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் வருவதற்கு முன்பே வேலையைக் காட்டிவிடும்.

வெளியிலிருந்து வரும் ஒரு பெயரை வைக்க, சர்வர் நினைவகத்தில் குறிப்பிட்ட அளவு இடம் ஒதுக்குகிறது. வந்ததன் நீளத்தைப் பார்க்காமல் அப்படியே நகலெடுத்தால், மிச்சம் பக்கத்து இடத்தின் மேல் எழுதப்படும். இந்த வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை மாற்றிவிட்டால், தாக்குகிறவர் அனுப்பிய நிரலை உங்கள் சர்வரே ஓட்டும். லாகின் நடந்திருக்கவே வேண்டாம்.

2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாம்மர் என்ற வார்ம் (தானாகவே கணினிக்குக் கணினி பரவும் தீநிரல்) இப்படித்தான் வந்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2000-இல், எந்த டேட்டாபேஸ் எந்த போர்ட்டில் (நெட்வொர்க்கிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசலில்) இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்ல யுடிபி 1434 என்ற போர்ட்டில் ஒரு சேவை இருந்தது. வழி சொல்வது மட்டுமே அதன் வேலை என்பதால் லாகின் கேட்காது. 376 பைட் கொண்ட ஒரே பாக்கெட் (நெட்வொர்க்கில் ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) போதுமானதாக இருந்தது. பாதிக்கப்படக்கூடிய சர்வர்களில் சுமார் 90 சதவீதம் பத்தே நிமிடத்தில் விழுந்தன. அமெரிக்காவில் ஏடிஎம்கள் நின்றன.

இந்தப் பிழையைச் சரிசெய்யும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. அதனால் பேட்ச் போடாத அட்மின்கள் மேல்தான் எல்லாப் பழியும் விழுந்தது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். அதே டேட்டாபேஸின் சிறிய வடிவமான எம்எஸ்டிஇ, வேறு பல மென்பொருள்களுக்குள் சேர்ந்தே வந்தது. தன் கணினியில் அது இருப்பதே தெரியாதவரிடம் போய் ஏன் பேட்ச் போடவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

இப்போது இயங்குதளங்களிலும் கம்பைலர்களிலும் (எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்களிலும்) தடுப்புகள் வந்துவிட்டன, உண்மை. தாக்குவது கடினமாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதை நம்பி டேட்டாபேஸ் போர்ட்டையும் நிர்வாகப் பக்கத்தையும் இணையத்துக்குத் திறந்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபயர்வாலுக்குப் பின்னால், விபிஎன் (அனுமதி பெற்றவர்களுக்கான பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் எட்டும்படி வைத்தால், பேட்ச் தாமதமானாலும் யாரோ ஒருவர் அனுப்பும் பாக்கெட் உள்ளே வராது.

அப்புறம், வாங்கும்போதே கேளுங்கள்: உள்ளே இருப்பது எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, எந்தெந்த போர்ட் திறக்கும், பேட்ச் வந்தால் யார் போடுவார்கள்? இதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.