அது ஹாலோகிராம் இல்லை, பிரதிபலிப்பு

2012 கோச்செல்லா இசை விழா மேடையில் மறைந்த ராப் பாடகர் டூபாக் தோன்றியது, லேசரால் காற்றிலேயே வரைந்த முப்பரிமாண ஹாலோகிராம் என்று பலரும் பகிர்கிறார்கள். அப்போது செய்திகளிலும் ஹாலோகிராம் என்றே வந்ததால் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அங்கே நடந்தது வெறும் பிரதிபலிப்பு. ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்றை மேடையில் சாய்வாகக் கட்டி, கணினியில் உருவாக்கிய தட்டையான வீடியோவை அதில் பிரதிபலிக்க வைத்தார்கள். 1862-லேயே லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளர் பெரிய கண்ணாடியை வைத்து மேடையில் 'பேய்' காட்டினார், அதே முறை.

இதை யாரும் சோதிக்கலாம். இரவு ஏசி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள், பக்கத்து சீட்காரர் முகம் வெளியே இருட்டில் மிதந்துகொண்டே கூட வரும். வீட்டிலென்றால், கறுப்புப் பின்னணியில் ஒரு உருவம் ஆடும் வீடியோவை முழு வெளிச்சத்தில் ஓடவிட்டு போனைப் படுக்க வையுங்கள், அதன் மேல் பழைய சிடி டப்பாவின் மூடியை ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு முன்னாலிருந்து பாருங்கள். உருவம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நிற்கும், அவ்வளவு அழகாக இருக்கும்! அப்புறம் தலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அதன் விலாப்பக்கம் தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே இருப்பது தட்டையான படம்தான்.