எடை மெஷினை மைதானத்துக்குக் கொண்டுவராதீர்கள்

ஒரு மாணவியின் எடையை பி.டி. சார் மைக்கில் வாசித்த அந்த வீடியோவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டீர்கள். கோபத்தில் எழுத வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். இன்று காலை சேலம் காந்தி ஸ்டேடியத்தில் நடக்கப் போனால் அங்கேயும் அதே பேச்சு. "பி.டி. சார் நல்லதுக்குத்தானே சொன்னார்!"

சரி, நல்லதுக்கே சொன்னார். ஒன்பதாவது படிக்கிற பிள்ளையின் எடையை மைக்கில் வாசித்து, வகுப்பே சிரித்து, என்ன நல்லது நடந்தது? அன்றைக்கு அவள் ஓடவில்லை. இனியும் ஓடமாட்டாள். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

அந்த வயதில்தான் ஒரு பிள்ளை, தான் விளையாடுகிற ஆளா, ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் பையைப் பார்த்துக்கொள்கிற ஆளா என்று தனக்குள் முடிவு செய்கிறது. மூச்சு வாங்குவதையும், நெஞ்சு படபடத்து மெல்ல அடங்குவதையும், அப்புறம் வருகிற சுகத்தையும் கவனிக்கப் பழகிய பிள்ளை நாற்பது வயதிலும் நடக்கும். டி-ஷர்ட் ஒட்டுகிறதா, யார் பார்க்கிறார்கள் என்றே கவனித்த பிள்ளை மைதானத்தை விட்டு ஓடத்தான் பார்க்கும்.

உடம்பே மாறிக்கொண்டிருக்கிற வயது அது. பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், பையன்கள் 14 வயதை ஒட்டியும் மளமளவென்று வளர்கிறார்கள். பெண்ணுக்கு உடம்பில் கொழுப்பு கூடுவது பருவமடைதலின் ஒரு பகுதி. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பெரியவர்களின் பி.எம்.ஐ. கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி அட்டவணை இருக்கிறது. மைக் பிடித்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

என் அண்ணன் மகள் கோ-கோ நன்றாக ஆடுவாள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ "புள்ள பெருத்துட்டாளே" என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டாள். லீவில் ஏற்காடு போனபோது நடக்கக் கூப்பிட்டேன். "எனக்கு இதெல்லாம் செட் ஆகாது அத்தை" என்றாள். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள், பாருங்கள். போட்டோ எடுப்பதில்லை, எவ்வளவு தூரம் என்று பார்ப்பதில்லை என்று சொல்லி அழைத்துப் போனேன். ஏரியைத் தாண்டி பகோடா பாயின்ட் பக்கம் ஏறும்போது, "மூச்சு வாங்குது, ஆனா நல்லாருக்கு" என்றாள். கோ-கோவுக்கு அவள் இன்னும் திரும்பவில்லை. ஆனால் அந்த "நல்லாருக்கு" அவளாகச் சொன்னது.

"அப்போ குழந்தைகளுக்கு உடல் பருமனே இல்லையா? சர்க்கரை வரலாமா?" என்று வருவீர்கள். கவலை நியாயமானது. எடை பாருங்கள், ஒரு அறையில், தனியாக, பெற்றோரிடம் சொல்லுங்கள். "நாங்கள் பிரம்படி வாங்கியே வளர்ந்தோம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் எத்தனை பேர் இன்றைக்கு ஓடுகிறீர்கள் என்று மட்டும் யோசியுங்கள். பையன்களும் தப்பவில்லை. ஒல்லிக்குச்சி என்று கேட்டுக் கேட்டுப் புரோட்டீன் பவுடர் டப்பாவோடு அலைகிறார்கள்.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு நம் மாவட்டத்துக்காரர். ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டி தங்கம் வாங்கினார். அவர் படத்துக்கு மாலை போடுகிற ஊரில், பிள்ளையின் உடம்பைப் பார்த்து இது ஓடாது என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். தினமும் ஒரு மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். நம் பள்ளிகளிலோ பத்தாவது வந்ததும் பி.டி. பீரியட் கணக்கு டீச்சருக்குப் போய்விடுகிறது. ஆட விடவும் மாட்டீர்கள், ஆடாததற்கு மைக்கில் திட்டவும் செய்வீர்கள்!

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு டைம்டேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். எத்தனை பி.டி. பீரியட் நிஜமாக நடந்தது என்று கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.